கோவ் என்று ஆரம்பித்தால் கோவளம்

எட்டாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தவன் நான். மூன்றாவது முறை உட்கார எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் இன்றைக்குத் தாம்பரத்திலிருந்து கோவளம் வரைக்கும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்திலோ ஆபீசிலோ சுவரில் டிவி மாட்டி, அதன் தலையில் கேமரா வைத்து, "வணக்கம், நான் பேசுறது கேக்குதா?" என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வி போய்ச் சேரும் வழியைப் போட்டவன் பெரும்பாலும் நானாகத்தான் இருப்பேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வது?

இன்டர்காம் ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிழக்குத் தாம்பரத்துத் தெருக்களில் ஏணி தூக்கி ஆரம்பித்த வாழ்க்கை. இப்போது என்னிடம் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். அதில் ஏழு பேர் பி.இ. அந்த ஏழு பேரின் சர்டிபிகேட்டையும் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவன் நான். என் சர்டிபிகேட்டை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் டிரைவிங் லைசென்ஸைக் காட்டுவதாக இருக்கிறேன்.

இப்படிப்பட்ட நான், ஒரு நாள் காலை பதினொரு மணி சுமாருக்கு, பொன்னாடைக்கு அடியில் ரிமோட்டை ஒளித்துவைத்துக்கொண்டு ஜேப்படித் திருடன் மாதிரி நின்றேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் தொழில் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெருங்களத்தூரில் நின்று தெற்கே போகிற பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பாருங்கள். ஒருத்தர் செங்கல்பட்டு என்பார், ஒருத்தர் செங்கப்பட்டு என்பார், வயசானவர் ஒருத்தர் சிங்கிள்பட் என்பார். கண்டக்டர் மூன்று பேருக்கும் ஒரே டிக்கெட்டைத்தான் கிழிக்கிறார். வாயால் சொன்னதை டிக்கெட்டாக மாற்றுவது ஒரு வேலை. அந்த டிக்கெட்டை எந்த பஸ்ஸில் ஏற்றுவது என்பது அடுத்த வேலை. வீடியோ கான்ஃபரன்ஸிலும் அதேதான். ஆள் ரிமோட்டில் என்ன அடித்தாரோ அதைப் பிடித்து, சரியான அறையின் எண்ணாக மாற்ற வேண்டும். பிறகு அந்த எண்ணுக்கு வழி காட்ட வேண்டும். இரண்டையும் செய்வதற்கு நடுவில் ஒரு பெட்டி இருக்கும். அந்தப் பெட்டிக்கு நாம் விதிகள் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைப் படிக்கத்தான் பிள்ளைகள் நாலு வருஷம் காலேஜுக்குப் போகிறார்கள். நான் கண்டக்டரைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

தாம்பரத்தில் ஒரு கல்வி அறக்கட்டளை. பெயர் வேண்டாம். நடத்துகிறவர்கள் கிறிஸ்தவர்கள், நான் காலையில் விபூதி வைத்துக்கொண்டு போனாலும் முதலில் காபி கொடுத்துவிட்டுத்தான் வேலை சொல்லுவார்கள். தாம்பரத்தில் தலைமை அலுவலகம். பெருங்களத்தூர், படப்பை, கோவளம் மூன்று இடங்களிலும் பள்ளிக்கூடம். நாலு இடத்துக்கும் வீடியோ அறை போட்டுக் கொடுத்தது நான்.

அந்த அலுவலகத்தின் சூப்பரின்டெண்ட் ஒரு அம்மா. முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர். சிவப்பு மை பேனாவை இன்னும் விடவில்லை. நான் கொடுக்கிற கொட்டேஷனில்கூட எழுத்துப் பிழையைத் திருத்தி, ஓரத்தில் "கவனம்" என்று எழுதி அனுப்புவார். முதல் நாளே அவர் ஒரு கட்டளை போட்டார்.

"அண்ணா, எங்க டீச்சர்ஸுக்கு நம்பர் எல்லாம் ஞாபகம் இருக்காது. ஊர் பேரை அடிச்சா அந்த ஊருக்குப் போகணும். அவ்வளவுதான்."

"இதென்ன பெரிய விஷயம் மேடம்? முடிஞ்சதுன்னு வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து, பெட்டிக்குள் யார் யார் என்ன அடித்தார்கள் என்ற பட்டியலை எடுத்துப் பார்த்தால் தலை சுற்றியது. கோவளம் என்ற ஒரு ஊருக்குப் பதினாலு ஸ்பெல்லிங். சிலர் கே போட்டிருந்தார்கள், சிலர் சி. ஓவுக்குப் பின்னால் வி, அப்புறம் ஒருத்தர் ஏ, ஒருத்தர் இ, ஒருத்தர் எதுவுமே இல்லை. கடைசியில் ஒரு எம் போட்டவர், ரெண்டு எம் போட்டவர். அறக்கட்டளையின் தாளாளர் மட்டும் வெள்ளைக்காரன் காலத்துப் பெயரில் கோவ்லாங் என்று அடித்திருந்தார். தமிழில் எழுதச் சொன்னால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் கோவளத்தைச் சரியாக எழுதிவிடும். அதையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதச் சொன்னால் போதும், நம் ஜனங்கள் ஆளுக்கொரு கட்சி ஆரம்பித்துவிடுவார்கள்.

என்னிடம் இருக்கும் ஏழு பி.இ.க்களில் தலைவி ஒரு இன்ஜினியர் அம்மணி. வாயும் வேலையும் சமமாகப் பேசும். அவர் சொன்ன யோசனை: பதினாலு ஸ்பெல்லிங்குக்கும் தனித்தனியாகப் பதினாலு விதி எழுதிவிடலாம்.

"நாளைக்குப் பதினஞ்சாவதா ஒருத்தர் வந்தா?" என்றேன்.

"பதினஞ்சாவது ரூல் எழுதலாம் சார்."

"நீ எழுதிக்கினே இரு. நான் ஒரே வரில முடிக்கிறேன் பாரு."

முடித்தேன். கே அல்லது சி, அப்புறம் ஓ, அப்புறம் வி. அதோடு ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம். புள்ளியும் நட்சத்திரமும் சேர்ந்தால் 'பின்னால் எது வந்தாலும் எனக்குக் கவலையில்லை' என்று பெட்டிக்கு அர்த்தம். ஆக, கோவ் என்று ஆரம்பித்தால் போதும், கோவளத்து எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடு. பதினாலு ஸ்பெல்லிங்கும் ஒரே வலையில் விழுந்தது. விதிகளுக்கு வரிசை எண் உண்டு. எண் சின்னதாக இருந்தால் அதிகாரம் பெரிது. ஒன்றாம் எண் விதியைத்தான் பெட்டி முதலில் பார்க்கும். பொருந்திவிட்டால் அடுத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காது. என் விதிக்கு ஒன்றாம் எண்ணைக் கொடுத்தேன். வேறு எந்த எண்ணைக் கொடுப்பேன்?

இன்ஜினியர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சார், இது ரொம்ப அகலமா இருக்கு."

"அகலமா இருந்தா நல்லதுதானேம்மா? நம்ம தாம்பரத்து ஜிஎஸ்டி ரோடுகூட அகலமாத்தான் கீது."

"அதனாலதான் சார் எல்லாரும் அதுலயே வந்து மாட்டிக்கிறாங்க."

இப்படிப் பேசுகிற ஆள் ராத்திரியோடு ராத்திரியாக என் விதியைத் திருத்திவிட்டால்? அன்றைக்கே பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. அதே வாரத்தில் இன்னொரு காரியமும் செய்தேன். பெருங்களத்தூர்ப் பள்ளிப் பிள்ளைகள் ரிமோட்டில் கண்டபடி எண்களை அழுத்தி, தாளாளரின் அறை டிவியில் போய் முளைத்து "ஹாய் சார்" என்றிருக்கிறார்கள். அதனால் எண்ணை நேராக அடிக்கிற வழியையே அடைத்துவிட்டேன். ஊர் பேர் அடித்தால் மட்டும்தான் போகும். சூப்பரின்டெண்ட் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். "பரவாயில்லையே அண்ணா" என்றார். அவரிடமிருந்து அது டாக்டர் பட்டம்.

இப்போது கோவளம் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் இழப்பதற்கு ஏதாவது இருந்தது அவருக்கு மட்டும்தான்.

கோவளத்தில் அந்த டிவியை மாட்டப் போனபோது ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. மற்றவர்கள் ஸ்டாஃப் ரூமிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அறிவியல் டீச்சர் ஒருத்தர் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து ஏணியைப் பிடித்தார். பிடித்தபடியே நான் செய்கிற ஒவ்வொன்றையும் ஏன், எதற்கு என்று கேட்டார். நாலாவது போல்ட்டை நான் இறுக்கியபோது சிரித்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். ஒம்பது வருஷமா நான் இங்க டெம்பரரி. இன்னைக்குக் காலையில வந்த டிவி, நாலு போல்ட்ல பர்மனென்ட் ஆயிடுச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் ஏணியில் கால் கொஞ்சம் வழுக்கியது. அந்த அறக்கட்டளையில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டால் நிரந்தரம் ஆக்க மாட்டார்களாம். அவருக்கு நாற்பத்து நாலு நடந்துகொண்டிருந்தது.

சில மாதம் போனது. அறக்கட்டளை புதிதாக ஒரு ஆசிரியர் பயிற்சி மையம் கட்டியது. எங்கே? கோவிலம்பாக்கத்தில். படித்தவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. அந்த ஹாலில் அவ்வளவு பெரிய டிவியைத் தென்சென்னையிலேயே வேறு யாரும் மாட்டியிருக்க மாட்டார்கள். என் கவனமெல்லாம் அதில் இருந்தது. கோவிலம்பாக்கத்துக்கு என்று ஒரு விதியும் எழுதினேன். எண் ஐந்து. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் சோதனை. அங்கிருந்து தாம்பரத்தைக் கூப்பிட்டேன், வந்தது. பெருங்களத்தூர் வந்தது, படப்பை வந்தது, கடைசியாகக் கோவளம், அதுவும் வந்தது.

போனில் இன்ஜினியர் கேட்டார்: "உள்ளே வர்ற கால்ஸை டெஸ்ட் பண்ணீங்களா சார்?"

"வெளியே போற வாசல் வழியா உள்ளே வர முடியாதாம்மா?" என்றேன்.

அந்தப் பதிலை நினைத்து அன்றைக்கு ராத்திரி நானே சிரித்துக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் திறப்பு விழா. பட்டுக்கரை வேட்டி, புதுச் சட்டை, கையில் இரண்டு மோதிரம். ஜெபம் முடிந்ததும் தாளாளர் பேசினார். தாளாளர் நல்ல மனுஷர். ஆனால் கடிகாரத்துக்குப் பிறந்தவர். இன்னொரு விசேஷமும் உண்டு: அவர் யாரையும் தானாகக் கூப்பிட்டுப் பேச மாட்டார். செல்போனில்கூட வேறு ஒருத்தர் போட்டு, அந்தப் பக்கம் ஆள் வந்த பிறகுதான் காதில் வாங்குவார். பெரியவர்கள் கூப்பிடக் கூடாது, கூப்பிடப்பட வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

அவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். மைக்கைக் கொடுத்து ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார். நான் ரெண்டு வார்த்தையோடு நிற்கிற ஆளா?

"இங்க இருக்கிற பெரியவங்க எல்லாம் படிச்சவங்க. நான் படிக்கல. ஆனா நீங்க எந்த ஸ்பெல்லிங்ல அடிச்சாலும், தப்பா அடிச்சாலும், என் பெட்டி உங்களைச் சரியான இடத்துல கொண்டுபோய் விடும். ஸ்பெல்லிங்குக்கு இனிமே இந்த டிரஸ்ட்ல மார்க் கிடையாது!"

கைதட்டினார்கள். சூப்பரின்டெண்ட் அம்மா மட்டும் தட்டவில்லை. ஸ்பெல்லிங்கைப் பற்றி நான் சொன்னது பிடிக்கவில்லை போல.

அப்போது தாளாளர் அறிவித்தார்: "இந்த ஹாலின் முதல் நிகழ்ச்சியாக, அறிவியல் ஆசிரியர் நிரந்தரப் பணியிடத்துக்கான நேர்முகத் தேர்வு, இங்கேயே, வீடியோவில். கோவளத்திலிருந்து விண்ணப்பதாரர் சரியாகப் பதினொரு மணிக்கு நம்மை அழைப்பார். பதினஞ்சு நிமிஷம் அவகாசம். அதற்கப்புறம் அடுத்தவரைக் கூப்பிடுவோம்."

அடுத்தவர் வராந்தாவில் இருந்தார். படப்பையிலிருந்து பைக்கில் வந்தவர். மடியில் ஃபைல், பக்கத்தில் ஹெல்மெட்.

கோவளத்து விண்ணப்பதாரர் என்றால் ஏணி பிடித்த டீச்சர். அடுத்த மாதம் அவருக்கு நாற்பத்தைந்து முடிகிறது என்று சூப்பரின்டெண்ட் அம்மா என் காதில் சொன்னார். இதை விட்டால் அவருக்கு வேறு இல்லை.

பதினொரு மணி. தாளாளர், தேர்வுக் குழுவில் இன்னும் மூன்று பேர், எல்லோரும் டிவிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். டிவியில் நீல நிறம். பதினொன்று மூன்று. நீல நிறம். பதினொன்று ஐந்து. தாளாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, நாமளே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாமா?" என்று சூப்பரின்டெண்ட் அம்மா கேட்டார்.

"வேலை கேக்கறவங்கதான் கூப்பிடணும். நாம கூப்பிட்டா அது நேர்முகத் தேர்வு இல்ல, நலம் விசாரிப்பு."

அம்மா என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய், டீச்சருக்குச் செல்போனில் போட்டார். பேசிவிட்டுப் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"பத்து அம்பத்தஞ்சுலேர்ந்து அடிக்கிறாளாம் அண்ணா. பிஸி, பிஸின்னே வருதாம். 'பெரியவங்க முக்கியமா யார்கூடயோ பேசிக்கிட்டு இருக்காங்க போல, தொந்தரவு பண்ண வேண்டாம்னு கொஞ்சம் விட்டு விட்டு அடிக்கிறேன்'ங்கிறா."

"பிஸியா? நம்ம டிவி இங்க வேலவெட்டி இல்லாம சும்மாதானே கீது மேடம்?"

சொல்லி வாய் மூடவில்லை, எனக்கு விளங்கிவிட்டது.

கோவிலம்பாக்கம். கே, ஓ, வி.

டீச்சர் கோவிலம்பாக்கம் என்று அடிக்கிறார். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடிக்கிறார். ஐந்தாம் எண் விதி அதை எதிர்பார்த்து அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஒன்றாம் எண்ணில் நிற்கும் என் விதி முதல் மூன்று எழுத்தைப் பார்த்த உடனே பாய்ந்து பிடித்து, "கோவளம்தானே? வாம்மா, வா" என்று கோவளத்து எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறது. அழைப்பு கோவளத்திலிருந்து கிளம்பி, தாம்பரம் வரைக்கும் வந்து, கோவளத்துக்கே திரும்பிப் போகிறது. அங்கே யார் இருக்கிறார்? அதே டீச்சர். அவர் ஏன் பிஸி? தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருப்பதால் பிஸி.

"என்ன அண்ணா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம். வழியில கொஞ்சம் டிராபிக்."

உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தோளில் பொன்னாடை ஏறி இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அதுவும் ஸ்பெல்லிங்குக்கு மார்க் கிடையாது என்று மைக்கில் முழங்கிவிட்டு. தாம்பரம் ஆபீசில் இருந்த இன்ஜினியருக்குப் போன் போட்டேன்.

"அம்மா, சீக்கிரம் பெட்டியைத் திற. கோவிலம்பாக்கத்துக்குப் போறதெல்லாம் கோவளத்துக்குப் போவுது."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம். பிறகு, "ஜிஎஸ்டி ரோடு!" என்றார்.

"அத்த அப்புறம் பேசிக்கலாம். கோவிலம்பாக்கம் ரூலை என் ரூலுக்கு மேல தூக்கி வை."

"ஒண்ணுக்கு மேல இடமே இல்ல சார். உங்க ரூலைத்தான் கீழ இறக்கணும்."

வலித்தது. "சரி, இறக்கு."

"பாஸ்வேர்டு?"

"நம்ம ஊர் பேருதான்."

"தாம்பரமா? டி-யா, டி-எச்-ஆ சார்?"

"டி-எச். இரு, இரு... டி."

"ஒரு ஏ-வா, ரெண்டு ஏ-வா?"

"ரெண்டு போட்டிருப்பேன். நெடில்தானே."

"தப்புன்னு வருது. நடுவுல பஸ்ஸுக்கு வர்ற பி-யா, பேனாவுக்கு வர்ற பி-யா?"

"ரெண்டும் ஒரே பி-தானேம்மா!"

"தமிழ்ல ஒண்ணு சார். இங்கிலீஷ்ல ரெண்டு. ... இதுவும் தப்பு. இன்னும் ஒரு தடவைதான் இருக்கு."

கண்ணை மூடிக்கொண்டு யோசித்து, டி-எச், ஒரு ஏ, பேனா பி என்றேன்.

"லாக் ஆயிடுச்சு சார். அரை மணி நேரத்துக்கு யாரும் உள்ளே போக முடியாது."

"இன்னாம்மா, நீ சிரிக்கிறியா?"

"இல்ல சார், இருமல்."

பதினொன்று பத்து. வராந்தாவில் ஹெல்மெட்காரர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு இப்படி மூளை வேலை செய்ததில்லை, படித்திருந்தால் செய்திருக்காது. கோவளத்திலிருந்து இங்கே வருகிற வழிதான் அடைபட்டிருக்கிறது. இங்கிருந்து கோவளம் போகிற வழி நேற்று சாயங்காலம் நன்றாக இருந்தது. கடைசியாகக் கூப்பிட்டதே கோவளம்தான். ரிமோட்டில் பச்சைப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் கடைசி அழைப்பு மறுபடியும் போகும். அந்தப் பக்கம் யாரும் எதையும் அழுத்த வேண்டாம், தானாக எடுத்துக்கொள்ளும்படி அந்த டிவியை வைத்ததும் நானே. வேண்டியது ஒன்றுதான். பதினைந்து விநாடிக்கு இந்த நாலு பேரும் டிவியைப் பார்க்கக் கூடாது.

"மேடம், டீச்சர்கிட்ட சொல்லுங்க, ரிமோட்டை மேசைமேல வெச்சுட்டு கையைக் கட்டிக்கிட்டு கேமராவைப் பார்த்து உட்காரட்டும். படம் வந்ததும் வணக்கம் சொல்லட்டும். யார் கூப்பிட்டாங்கன்னு வாயைத் திறக்க வேணாம்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதுகிறவனைப் பார்க்கிற பார்வை.

"நான் யாரையும் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன் அண்ணா."

"பொய் எங்க மேடம்? வணக்கம்தானே?"

 அம்மா போனை எடுத்து, "கண்ணு, ரிமோட்டைக் கீழ வை. வணக்கம் மட்டும் சொல்லு" என்றார்.

நான் ஹாலுக்குள் நுழைந்து கையைத் தட்டினேன்.

"ஐயா! ஒரு நிமிஷம். திறப்பு விழா முடிஞ்சு குரூப் போட்டோவே எடுக்கலையே! டிவி பின்னால தெரியிற மாதிரி எல்லாரும் அப்படியே எழுந்து, இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"நேரமாச்சே" என்றார் தாளாளர்.

"நாலு நிமிஷம் இருக்கு ஐயா. போட்டோவுக்கு ஒண்ணு போதும்."

போட்டோ என்றால் மறுக்கிற தாளாளர் இன்னும் பிறக்கவில்லை. எல்லோரும் டிவிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். நடுவில் அவர், பக்கத்தில் நான். பொன்னாடையை இழுத்து நன்றாகப் போர்த்திக்கொண்டேன். அதற்குள் வலது கை, கையில் ரிமோட். வாட்ச்மேனிடம் என் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னேன். அவர் அந்த ஊர்க்காரர், நிதானமான ஆள்.

"எல்லாரும் கிட்ட வாங்க சார். இன்னும் கிட்ட. அந்த ஓரத்து சார் பாதிதான் கீறாரு."

முதலில் சத்தத்தைக் குறைத்தேன். மணி அடித்தால் மானம் போகும். தடவிப் பார்த்துப் பச்சைப் பொத்தானைத் தேடி அழுத்தினேன். ஒன்று. இரண்டு.

"சிரிங்க சார். அந்த சார் சிரிக்கல."

அந்த சார் நான்தான். என் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. வாட்ச்மேனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு படத்தை எடுத்துவிட்டுப் போனைக் கொஞ்சம் இறக்கினார். கண் விரிந்தது.

"இன்னா சார் இது! டிவில ஒரு அம்மா வந்துகீது!"

எல்லோரும் திரும்பினார்கள். அந்தப் பெரிய டிவி முழுக்க டீச்சர். கையைக் கட்டிக்கொண்டு, நேராக நிமிர்ந்து, முகத்தில் அப்படியே பயம். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பொன்னாடைக்குள்ளேயே சத்தத்தைக் கூட்டினேன்.

"...க்கம் சார். வணக்கம். வணக்கம் சார்."

எத்தனை முறை சொன்னாரோ தெரியாது. தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பதிமூன்று.

"கூப்பிட்டுட்டாங்க" என்றார். "உட்காருங்க."

என் உயிர் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதி வருவதற்குள் அவர் முதல் கேள்வியைக் கேட்டார்.

"பதிமூணு நிமிஷம் தாமதம். ஏன்மா?"

டீச்சர் பொய் சொல்லத் தெரியாத ஆள். "பத்து அம்பத்தஞ்சுலேர்ந்து முயற்சி பண்ணேன் சார். லைன் பிஸியாவே இருந்தது."

தாளாளர் என் பக்கம் திரும்பினார். "இங்க யாரும் பேசலையே. எப்படி பிஸி?"

சூப்பரின்டெண்ட் அம்மா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"அவங்க கூப்பிட்ட ஆள் பிஸியா இருந்திருக்காங்க ஐயா" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே சுத்தமான உண்மை அது.

அவர் மேலே ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் டீச்சரே சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் ரெண்டே செகண்ட்ல பிஸின்னு வந்தது சார். ஆள் இல்லாம இருந்தா கொஞ்ச நேரம் அடிச்சிட்டுத்தான் நிக்கும். அதனால போய்ச் சேருது, ஆனா வேற எங்கேயோ சேருதுன்னு நினைச்சேன். எங்கன்னுதான் கண்டுபிடிக்க முடியல."

குழுவில் இருந்த ஒருத்தர் பேனாவை எடுத்து எதையோ எழுதினார். இன்னொருத்தர், "இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவீங்க?" என்று கேட்டார். டீச்சர் கட்டிய கையைப் பிரித்தார். மேசைமேல் இருந்த ஒரு சாக்பீஸ் டப்பா, ரெண்டு டம்ளர், ஒரு நூல்; அவ்வளவுதான் அவரிடம் இருந்தது. இருபது நிமிஷம் அந்த நாலு பேரும் வாய் பிளந்து கேட்டார்கள். எட்டாம் வகுப்பில் எனக்கு அப்படி ஒரு டீச்சர் கிடைத்திருந்தால், நான் படித்துப் பாஸாகி, எங்கேயாவது குமாஸ்தாவாகிக் கெட்டுப்போயிருப்பேன்.

ஹெல்மெட்காரரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். அவரும் நல்ல பிள்ளைதான்; வயது முப்பதுகூட ஆகவில்லை, அவருக்கு இன்னும் நிறைய வாசல் இருக்கிறது. பத்து நாளில் உத்தரவு கோவளத்துக்குப் போனது. நிரந்தரம். நாலு போல்ட்.

அன்று மத்தியானமே பூட்டு திறந்தது. பாஸ்வேர்டு பஸ்ஸுக்கு வருகிற பிதான். எனக்கு ஞாபகம் வந்ததல்ல, இன்ஜினியரே நிதானமாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். என் விதி இப்போது ஏழாம் எண்ணில் இருக்கிறது. அதற்கு மேலே கோவிலம்பாக்கம், அப்புறம் சரியான ஸ்பெல்லிங்குகள் வரிசையாக. அவர்களில் யாரும் பிடிக்காததை மட்டும் கடைசியில் என் விதி பிடிக்கும். இறக்கிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விக்கெட் கீப்பருக்குப் பின்னால் ஒருத்தன் நிற்கிறானே, எல்லோரும் விட்டதைப் பிடிக்க, அந்த இடம் அது. உள்ளே வருகிற அழைப்பையும் இப்போது சோதித்துப் பார்க்கிறேன். இன்ஜினியர் சொன்னதற்காக இல்லை.

அந்தப் போட்டோவைக் கோவிலம்பாக்கம் ஹாலில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நாலு பேர் சிரிக்கிறார்கள், நான் சிரிக்கவில்லை, எங்கள் தலைக்குமேல் ஒரு டீச்சர் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். பொன்னாடையில் வலது பக்கம் ஒரு புடைப்பு. போன வாரம் தாளாளர் அதன் முன்னால் நின்று, "அது என்ன, கையில ஏதாவது அடிபட்டிருந்ததா?" என்று கேட்டார். பெரியவர்களைக் கும்பிட்டபடி நின்றேன் ஐயா என்றேன். ஒரு கையாலா என்று கேட்கவில்லை.

உத்தரவு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கோவளத்திலிருந்து பஸ் மாறி பஸ் மாறித் தாம்பரத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் பனையோலைக் கூடை. படகிலிருந்து இறங்கி ரெண்டு மணி நேரம்கூட ஆகாத சங்கரா மீன். காபி குடித்து முடித்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சார், அன்னைக்கு நான் யாரைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்?"

இவரிடம் மட்டும் மறைக்கத் தோன்றவில்லை. "உங்களையேதான்மா. என் ரூல் பண்ண வேலை. பதினஞ்சு தடவை உங்களையே கூப்பிட்டுக்கினு இருந்தீங்க."

கோபப்படுவார் என்று பார்த்தேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நல்லவேளை நான் எடுக்கல சார். எடுத்திருந்தா, ஒம்பது வருஷமா அங்க என்னடி பண்றேன்னு கேட்டிருப்பேன்."